பேருக்கு ஆளைக் கேட்ட ரெஜினா அக்கா

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கச் சுவரில், ஒரு டியூஷன் சென்டர் விளம்பரத்துக்கும் மூலநோய் வைத்தியர் ஒருவருக்கும் நடுவில் ரெஜினா அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. என் கண் செய்த முதல் காரியம், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று தேடியதுதான். இல்லை. பெயர் சரி, ஊர் சரி, அடக்கத் திருப்பலி நடக்கும் கோயிலின் பெயரும் சரி. அதற்குப் பிறகுதான் செய்தி உறைத்தது. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பின்னால் வந்தவர், "இன்னா சார், வழில நின்னுகினு" என்று சலித்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்.

அவரோடு வேலை செய்தவர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். புரூஃப் பார்த்துப் பிழைத்தவர்களுக்குக் கண் முந்திக்கொள்ளும், மனசு பின்னால்தான் வரும். ரெஜினா அக்காவுக்கும் அப்படித்தான். தன் தந்தையின் அடக்கத்துக்கு வந்த மலர்வளையத்தில் 'ஆழ்ந்த அனுதாபம்' என்பதில் ழ-வுக்குப் பதிலாக ள இருந்ததைப் பார்த்துவிட்டு, அழுகைக்கு நடுவே பேனாவைத் தேடியவர் அவர். இதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும். மீதியை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அது என் வீட்டு விஷயம். இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் முடிச்சூர் சாலையில் எங்கள் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைத் திறப்பு என்று கிடைத்ததையெல்லாம் அடிப்போம். விமானப்படைக் குடியிருப்பும் ரயில்வே காலனியும் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாப் பாஷைக்காரர்களும் எங்கள் படியேறுவார்கள். வங்காளி வருவார், தெலுங்கர் வருவார், கொல்லத்திலிருந்து வந்து குடியேறியவர் வருவார், ஆங்கிலோ இந்தியர் வருவார். எல்லாருக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களை எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் கொண்டுவருவது ரெஜினா அக்கா, நான் என்ற இருவர் தலையில் விழுந்தது. ஒரே மேஜை. எதிரெதிர் நாற்காலி. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டு வருவோம். அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பி.ஏ. படித்தவர். அந்தப் படிப்பை மறக்க விடாமல் அடிக்கடி நினைவூட்டவும் செய்வார். பணிவு என்ற குணத்தை அவரிடம் நான் கண்டதில்லை.

கோபக்காரர். 'சில்லறை'க்கு எந்த ற என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "அகராதி எதுக்குடா வாங்கி வெச்சிருக்கு, தலைக்கு வெச்சுப் படுக்கவா?" என்றார். சரி என்று அடுத்த வாரம் ஒரு மணமகனின் பெயருக்கும் அகராதியைப் புரட்டினேன். அதற்கும் திட்டு விழுந்தது. "அகராதியில இருக்கற வார்த்தைக்கு அகராதியைக் கேளு. பேருக்கு ஆளைக் கேளு." எங்கள் அச்சகத்தில் இதுதான் வேதவாக்கு. பையன்கள் அவரைப்போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொல்லிக் காட்டுவார்கள். அவர் காதில் விழுந்தும் விழாததுபோல் இருப்பார்.

கேளு என்றால் சும்மா கேட்பதில்லை. பெயருக்கு உரியவர் நேரில் வந்து, புரூஃபைக் கையில் வாங்கி, தன் பெயரைத் தன் வாயால் படித்துச் சொல்ல வேண்டும். அவர் வர முடியாவிட்டால் ரெஜினா அக்கா குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார். ஊரில் வேறு எந்த அச்சகத்திலும் இந்த வழக்கம் கிடையாது. பத்திரிகை அடிக்க வீட்டுப் பெரியவர் ஒருவர் வருவார், அவர் சொன்னதை எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மணப்பெண்ணைத் தேடிக்கொண்டு அச்சகத்திலிருந்து ஆள் வந்தால் வீடுகளில் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். முதலாளியோ, "இந்தம்மா புரூஃப் பாக்குதா, பொண்ணு பாக்குதா?" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் எங்களிடம் அடித்த பத்திரிகை எதுவும் பெயர்த் தப்பு என்று திரும்பி வராததால், அடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார்.

விமானப்படையில் வேலை பார்த்த வங்காளி ஒருவர் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அக்கம்பக்கத்துத் தமிழர்களை அழைக்கத் தமிழில் அட்டை கேட்டு வந்தார். கூட வந்த தமிழ் நண்பர், அவருடைய பெயரை 'விமல்' என்று எழுதிக் கொடுத்தார். ரெஜினா அக்கா அந்த மனிதரைப் பார்த்து, பெயரைச் சொல்லச் சொன்னார். அவர் 'பிமோல்' என்பதுபோல ஏதோ சொன்னார். எழுதும்போது எப்படி என்று அக்கா கேட்டார். அவர் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். அக்கா, 'பிமல்' என்று போட்டார். அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, விமல்னா நல்ல பேரு. பிமல்னு போட்டா நம்மாளு படிக்கச்சொல்ல எப்படியோ கீது" என்றார். "நல்ல பேரை வேற யாருக்காவது வை. இது அவர் பேரு" என்றார் அக்கா. நம்முடைய ப-வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியை எப்படிக் காட்டுவது என்று நான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன். "பாட்டியும் பாட்டிலும் ஒரே ப-லதான் ஓடுது. இத்தனை நாளா எவனாவது மாத்தித் தூக்கிட்டு வந்தானா? படிக்கறவன் வாய் பார்த்துக்கும்" என்றார்.

அவர் தவறே செய்யாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. சேலையூரில் கடை திறக்கவிருந்த மளிகைக்காரர் ஒருவரின் பெயரில், ஆங்கில எழுத்து ஒன்று தேவையில்லாமல் இரண்டு முறை வந்திருந்தது. எழுதியவரின் கை தவறியிருக்கும் என்று அக்கா தானாகவே ஒன்றை எடுத்துவிட்டார். ஆங்கிலம்தானே, ஆளைக் கேட்பானேன். நோட்டீஸ் அடித்து முடிந்தது. மளிகைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சண்டை எதுவும் போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எங்க பையனுக்கு உடம்பு ரொம்ப முடியாம கெடந்தப்போ எண் கணிதக்காரர் சொல்லிச் சேத்த எழுத்தும்மா அது. அதுக்கப்புறம்தான் புள்ள எழுந்து உக்காந்தான்" என்றார். எண் கணிதத்தை அக்கா மதித்ததே இல்லை. ஆனாலும் அன்றைக்கு எழுந்து உள்ளே போய், கம்பாசிட்டர் பக்கத்தில் நின்று அந்த எழுத்தைத் திரும்பச் சேர்க்க வைத்து, முழு நோட்டீஸையும் மறுபடி அடிக்கச் செய்தார். முதலாளி கத்தியதைக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் என்னிடம், "பேரும் அவரோடது, தப்பும் அவரோடது. நடுவுல நான் யாரு?" என்றார். அதன் பிறகு எந்தப் பாஷையிலும் ஆளைக் கேட்காமல் ஒரு பெயரில் அவர் கை வைத்ததில்லை.

இனி என் கதை.

கிழக்குத் தாம்பரத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு மலரை நாங்கள் அடித்தோம். அதற்குப் புரூஃப் பார்க்க வந்த கணக்கு டீச்சர்தான் மெர்சி. ரயில்வே காலனியில் இருந்த மலையாளிக் குடும்பம், சிரியன் கிறிஸ்தவர்கள். ஆண்டு மலரில் தலைமை ஆசிரியரின் உரை ரொம்பவே நீளமாக இருந்தது. அதனால் மெர்சி பலமுறை வர வேண்டியிருந்தது. என்ன நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை. என்னைவிட முன்னால் அதைக் கண்டுபிடித்தவர் ரெஜினா அக்காதான். "அந்தப் பொண்ணு வர்ற அன்னிக்கு உன் புரூஃப்ல ஒற்றெல்லாம் காணாமப் போகுது" என்றார்.

மெர்சி தன் பெயரை மலையாளத்தில் எழுதிக் காட்டியபோது அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் அந்தப் பெயரை எழுதும்போது நடுவில் ர் போடுவதில்லை, ழ் போடுகிறார்கள். நம்முடைய அதே ழ. "இங்க வாயப்பயம் வாயப்பயம்னு கூவி வித்துக்கிட்டு இருக்கோம். அங்க பாரு, ஒரு இங்கிலீஷ் பேருக்குள்ள ழ-வைக் கூட்டிட்டுப் போய்க் குடி வெச்சிருக்காங்க" என்று அச்சகம் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீடு செம்பாக்கத்தில். பரம்பரையாக ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பம். அப்பா காலத்தில் நிலத்தில் பாதி மனையாகிவிட, அவர் வேளச்சேரி சாலையில் ஆணி, கீல், பைப், சிமென்ட் விற்கும் கடை வைத்தார். லோகநாதன் கடை என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவர் கூச்சல் போடவில்லை. "வேற சாதி, வேற சாமி, வேற பாஷை. மூணுல ஒண்ணாவது நம்மளுதா இருக்கக் கூடாதாடா?" என்று கேட்டார். நான் என் அறிவையெல்லாம் திரட்டி, அந்தப் பெண்ணின் பெயரில் நம் ழ இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "ழ கீதா? நம்ம கடையில ஆணி கூடத்தான் கீது. அதுக்கு இன்னா இப்போ?" என்றார். அத்துடன் எங்கள் பேச்சுவார்த்தை முடிந்தது. நான் தாம்பரத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தங்கினேன்.

அம்மாவைக் கோயிலில் பார்ப்பேன். ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டியதில் அவளுக்கு மெர்சியைப் பிடித்துப் போயிருந்தது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "உங்கப்பாரு பேரு இல்லாத பத்திரிகைக்கு நான் எப்டிடா வர்றது? வந்தா அவர வுட்டுட்டு வந்த மாதிரி ஆயிடும்." எங்கள் ஊரில் பத்திரிகையில் தகப்பன் பெயர் இல்லையென்றால் மகனைத் தலைமுழுகிவிட்டார் என்று அர்த்தம். பங்காளிகள் முதல் பால்காரர் வரை அப்படித்தான் படிப்பார்கள். மெர்சி வீட்டில் அவளுடைய பெற்றோர் மனமில்லாமலேனும் ஒத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் யாருமே இல்லாமல் ஒரு கல்யாணம் என்பதைவிட, அம்மா இல்லாமல் ஒரு கல்யாணம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் யோசனை சொன்னார்கள். பெயரைப் போட்டுவிடு, அடித்துக் கொடுத்த பிறகு அப்பா என்ன செய்ய முடியும், அம்மாவும் வந்துவிடுவாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. 'செம்பாக்கம் சின்னசாமி அவர்களின் பேரனும், லோகநாதன் – ராஜேஸ்வரி தம்பதியரின் மகனுமான' என்று எழுதி, நானே கம்பாசிட்டரிடம் கொடுத்தேன். புரூஃப் வந்தது. மேஜையில் எதிர்ப்பக்கம் ரெஜினா அக்கா அதை எடுத்துப் பார்த்தார்.

"உங்க அப்பா பார்த்தாரா?"

"அவர் எப்படிக்கா பார்ப்பார்? என் மூஞ்சியைப் பார்த்தே மாசக் கணக்காச்சு."

"அப்ப இது மெஷினுக்குப் போகாது."

"இது என் கல்யாணப் பத்திரிகை அக்கா."

"பத்திரிகை உன்னோடது. இந்த வரி அவரோடது."

விளையாட்டு என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதுதான், விளையாட்டில்லை என்று புரிந்தது. நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். அப்பா கையில் இதைக் கொடுத்தால் தன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுவார், பெயர் போனால் அம்மா வர மாட்டாள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். "தெரியும்" என்றார். ஊருக்கெல்லாம் இருக்கும் சட்டத்தை எனக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா என்றேன். "உனக்கு மட்டும் தளர்த்தினா, அப்புறம் அந்த மளிகைக்காரர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். அவர் மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் வேறு யார் மேலும் வந்ததில்லை. என் வாழ்க்கையைக் கொண்டுபோய் ஒரு பிடிவாதத்துக்குப் பலி கொடுக்கிறார் என்று நினைத்தேன். நானே போகிறேன் என்றதற்கும் விடவில்லை. "நீ போனா சண்டை போட்டுட்டு வருவே. புரூஃப் பார்க்கறது என் வேலை" என்று குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கடையில் நடந்ததை அவர் திரும்பி வந்து சொன்னார். பிற்காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தைகூட மாறியதில்லை.

போய், அச்சகத்திலிருந்து வருவதாகவும் ஒரு புரூஃப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா, "நான் ஒண்ணும் அடிக்கக் குட்க்கலியே" என்றார். "உங்க பேர் இதுல இருக்குங்க. பேர் யாருதோ அவங்க படிச்சுச் சொல்லணும். அது எங்க வழக்கம்" என்று தாளை நீட்டினார் அக்கா. அப்பாவுக்கு இரண்டாவது வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"யாரு போடச் சொன்னது?"

"யார் சொன்னாங்கன்னு கேக்க நான் வரலீங்க. இது உங்க பேரு. இருக்கட்டும்னா இருக்கும். வேணாம்னா எடுத்துடறேன். ஆனா அதை நீங்கதான் செய்யணும். உங்க மகன் சொன்னாலும் வைக்க மாட்டேன், வேற யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் சிவப்புப் பேனாவைத் திறந்து அப்பா கையில் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு பேசவில்லை. சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கப்பாரு பேரு கீதே" என்றார். அக்கா ஆமாம் என்றார். "என்னுத அடிச்சா அதுவும் பூடுமா?" என்று கேட்டார். "மகன்ங்கற வரி போனா பேரன்ங்கற வரியை வைக்கிறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் அக்கா. அந்த நேரம் பார்த்து ஒருவர் கதவுக்குக் கீல் கேட்டு வந்தார். அப்பா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கீல் எடுத்துக் கொடுத்தார், திருகாணி நிறுத்துக் கொடுத்தார். வந்தவர் கொடுத்த காசை எண்ணிக் கல்லாவில் போட்டார். பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். தாளின் மேல் கொண்டு போனார். எழுதவில்லை.

பிறகு தானாகவே உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். தன் தகப்பன் பெயர், தன் பெயர், அம்மாவின் பெயர், என் பெயர். அங்கே நிறுத்தாமல் பெண்ணின் பெயரையும் படித்தார். அதுவரை எங்கள் வீட்டில் அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. 'அது' என்றுதான் சொல்வார். "மெர்சி" என்று படித்துவிட்டு, "இன்னா அர்த்தம்மா இதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?" என்றேன்.

"சொல்லலை. தெரியாதுன்னுட்டேன்."

"ஏன்? இரக்கம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"புரூஃப் பார்க்கப் போனேன், பிரசங்கம் பண்ணப் போகலை."

அப்பா தாளையும் பேனாவையும் திருப்பிக் கொடுத்தார். "பேரெல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று அக்கா கேட்டதற்கு, "சரியாதான் கீது, எடுத்துகினு போ" என்றார். தாளில் சிவப்பு மை ஒரு புள்ளிகூட இல்லை. நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்படியானால் கல்யாணத்துக்கு வருகிறாரா என்று கேட்டேன். அதைக் கேட்கவில்லை என்றார் அக்கா. எனக்கு மறுபடி ஆத்திரம் வந்தது. இவ்வளவு தூரம் போய்விட்டு அதைக் கேட்காமல் வருவார்களா என்றேன். "புரூஃப்ல அது இல்லையே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலையை எடுத்து மேஜையில் வைத்தார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் சின்ன மண்டபம் ஒன்றில் வரவேற்பு வைத்திருந்தோம். மெர்சி வீட்டார் முன் வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்க நாற்காலிகளில் அச்சகத்துக்காரர்கள், கம்பாசிட்டர்கூடச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார். ரெஜினா அக்கா வாசலில் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பார்த்தார். ஆட்டோவிலிருந்து அம்மா இறங்கினாள். கூடையில் மல்லிகைப் பூ, உடுத்தியிருந்தது அரக்குக் கலர் பட்டுப் புடவை, தனியாக வந்திருந்தாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து மேடை வரை அழைத்து வந்துவிட்டார்.

அம்மா மெர்சிக்குப் பூ வைத்துவிட்டாள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "காலைல நான் அடுப்பாண்ட உக்காந்துகினு இருந்தேன். உங்கப்பாரு வந்து, 'இன்னா உக்காந்துகினு கீற? பத்திரிகைல என் பேரு கீது. வூட்லேர்ந்து ஒருத்தரும் போவலன்னா ஊரு இன்னா நெனைக்கும்? நீ போ'ன்னாரு. அவரே ஆட்டோ புட்சுக் குட்த்தாரு." சொல்லும்போதே சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். நானும் அழுதேன். மேடையில் மாப்பிள்ளை அழுவதைப் போட்டோகிராபர் விடாமல் எடுத்து வைத்திருக்கிறார்.

அப்பா அன்று வரவில்லை. எங்கள் மகள் பிறந்த பிறகு வர ஆரம்பித்தார். அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். மெர்சியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அர்த்தம் என்னவென்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அச்சகத்துக்குக் கணினி வந்தது. ரெஜினா அக்கா அதையும் ஒரு கை பார்த்தார். அவரை வேலையை விட வைத்தது சர்க்கரை நோய். கண் மங்கிப் பெருங்களத்தூரில் தம்பி வீட்டோடு இருந்தபோது, நானும் மெர்சியும் போய்ப் பார்ப்போம். மெர்சியின் பெயரை, அவள் வீட்டாரைத் தவிர, அவர் ஒருவர்தான் மலையாள ழ-வோடு கூப்பிடுவார். செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்வார். நான் ஒற்றை விழுங்கிப் படித்தால், "பேப்பர்க்காரன் விட்டானா, நீ விட்டியா?" என்று கேட்பார். கடைசியாகப் போனபோது படிக்கச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அச்சகத்துக்கு வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலருடைய முகம் எனக்கு நினைவில்லை. அவருக்கு எல்லாருடைய குரலும் நினைவிருந்தது.

அடக்கத்துக்கு நாங்கள் போனபோது கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அப்பா நின்றிருந்தார். நான் சொல்லியனுப்பவில்லை, அவரும் எங்கோ சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார். முழங்கால் வலியோடு செம்பாக்கத்திலிருந்து தனியாக ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். குழிக்குப் பக்கத்தில் போய் ஒரு கை மண் போட்டார். திரும்பி நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அப்போ எத்தினி பேரு எனக்குப் புத்தி சொன்னாங்க தெரியுமா? உங்க மாமன் சொன்னான், கவுன்சிலரு சொன்னான், டீக்கடைக்காரன் கூடச் சொன்னான். அவனுங்க சொல்லச் சொல்ல எனக்கு வீம்புதான் ஏறிச்சு. இந்தம்மா ஒண்ணுமே சொல்லல. பேனாவ என் கையில குட்துட்டு நின்னுகினு இருந்துச்சு. என் பேர அடிக்கிறதுன்னா நான்தான் அடிக்கணும். கை வர்ல."

என் அப்பா என்னிடம் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசியது அந்த ஒரே முறைதான். அதுவரை, அக்காவின் பிடிவாதத்தையும் மீறி அதிர்ஷ்டம்தான் என்னைக் காப்பாற்றியது என்றே நினைத்திருந்தேன். முடிவை அப்பாவின் கையிலேயே விட்டு அக்கா அவருக்கு எவ்வளவு பெரிய மரியாதையைக் கொடுத்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

ரெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். யாருடைய பெயரோ அவரிடம் போவது, அவர் கையில் பேனாவைக் கொடுப்பது, பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பது. முதல் இரண்டும் எனக்குப் பழகிவிட்டன. மகளுக்கு வயது ஏற ஏற, அவள் விஷயத்தில் மூன்றாவதுதான் வர மாட்டேன் என்கிறது. முயன்றுகொண்டிருக்கிறேன், அக்கா.